அரைச் சிறகும் ஒரு தலையும்: அகழாய்வு மண்ணில் பூச்சி எச்சங்களைப் படிக்கும் முறை

வீட்டுக்குள் கம்பளி அலசினார்களா, தானியம் வண்டு பிடித்துப்போயிருந்ததா, படுக்கையில் மூட்டைப்பூச்சி கடித்ததா? பானை ஓடும் காசும் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. வண்டின் உடைந்த ஓடு சொல்லும். அதை மண்ணிலிருந்து பிரித்துப் படிப்பது எப்படி என்பதே இந்தப் பதிவு. ஒரு நிபந்தனை: அகழாய்வு இடத்தில் நீங்களாக மண் அள்ளக் கூடாது. அனுமதி பெற்ற குழு எடுத்துத் தரும் மாதிரியில்தான் வேலை.

படி 1: சரியான மண்ணைத் தேர்ந்தெடுங்கள்

பூச்சியின் மேலோடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. காற்று புகாத ஈரமண்ணில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். தூர்ந்த கிணறு, கழிவுக்குழி, அகழி எல்லாம் நல்ல இடங்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் வைக்கிங் காலத்து வீடுகளின் பூச்சிகள் அப்படித்தான் கிடைத்தன. ஈரமே இல்லாத வறட்சியும் காப்பாற்றும்: எகிப்தின் அமர்னாவில், கி.மு. 14ஆம் நூற்றாண்டுத் தொழிலாளர் குடியிருப்பில் தெள்ளுப்பூச்சியும் மூட்டைப்பூச்சியும் அகப்பட்டன. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி வரும் மண்ணில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை.

படி 2: கரைத்துச் சலியுங்கள்

5 முதல் 10 லிட்டர் மண் போதும். தண்ணீரில் ஊறவைத்து, கையால் மெதுவாகக் கரைத்து, 0.3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் ஊற்றுங்கள். கண் பெரிதாக இருந்தால் சின்ன வண்டுகள் ஓடிப்போகும். அவைதான் பல நேரம் முக்கியமான சாட்சிகள்.

படி 3: மண்ணெண்ணெய் வித்தை

சல்லடையில் தங்கியதை நன்றாக வடித்து, ஒரு பாத்திரத்தில் மண்ணெண்ணெய் விட்டுப் பிசறுங்கள். மிகுதி எண்ணெயை வடித்துவிட்டுக் குளிர்ந்த நீரை நிரப்பிக் கால்மணி நேரம் விடுங்கள். பூச்சி ஓட்டின் மெழுகுத்தன்மையில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் அது மேலே மிதக்கும். செடிகொடிக் குப்பையில் பெரும்பகுதி அடியில் தங்கும். மிதப்பதைச் சல்லடையில் ஊற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் போடுங்கள். இதையே இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யவேண்டும். 1960களில் கூப், ஆஸ்போர்ன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் செம்மைப்படுத்திய முறை இது. காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

படி 4: பொறுக்கி எண்ணுங்கள்

முழு வண்டு கிடைக்காது. தலை, மார்புத் தகடு, முதுகை மூடும் கெட்டியான முன்சிறகு என்று துண்டுதுண்டாகத்தான் வரும். நுண்ணோக்கியில் பார்த்து வகைவகையாகப் பிரியுங்கள். ஒரே இனத்தில் 4 தலை, 5 இடச்சிறகு, 3 வலச்சிறகு இருந்தால் குறைந்தது 5 வண்டுகள் என்று எழுதுங்கள். இனம் காணும்போது படத்தை மட்டும் நம்பாமல், அருங்காட்சியகத்தில் பெயரிட்டு வைத்த பூச்சிகளோடு ஒப்பிடுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், குறுக்குவழி கிடையாது.

படி 5: ஒவ்வொரு பூச்சியிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்

உயிரோடிருக்க இதற்கு என்ன தேவைப்பட்டது? இங்கே எப்படி வந்து சேர்ந்தது? முதல் கேள்வியோடு நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

தானியக் கூன்வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பறக்கத் தெரியாது. மனிதர்கள் சேமித்த தானியத்தோடு பயணம் செய்துதான் புது ஊருக்குப் போகும். ரோமானியர்களோடு பிரிட்டனுக்கு அது போய்ச் சேர்ந்ததே தானியப் போக்குவரத்துக்குச் சாட்சி. யார்க்கில் ரோமானியர் காலக் கிடங்கு ஒன்றில் இந்த வகை வண்டுகள் மண்டிக்கிடந்தன. கட்டடத்தை அகற்றி, மேலே களிமண் போட்டு மூடிவிட்டுத்தான் அடுத்த கிடங்கைக் கட்டியிருக்கிறார்கள்.

அதே வண்டு கழிவுக்குழியில் கிடைத்தால் கதை வேறு: மாவோடும் கஞ்சியோடும் மனித வயிற்றுக்குள் போய் வெளியே வந்திருக்கலாம். லாயத்துச் சாணத்தில் கிடைத்தால், வண்டு பிடித்த தானியத்தைக் குதிரைக்குப் போட்டார்கள் என்று எண்ண இடமுண்டு. பூச்சி ஒன்றுதான், கிடந்த இடம் பொருளை மாற்றிவிடுகிறது.

கிரீன்லாந்தில் நார்ஸ் மக்களின் (வட ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள்) பண்ணைகளில் செம்மறியாட்டுப் பேனும், ஆட்டின் ரத்தம் குடிக்கும் இறக்கையில்லாத ஈயும் கிடைத்திருக்கின்றன. இவை ஆட்டின் ரோமத்தை விட்டுத் தானாக வெகுதூரம் போகாதவை. வீட்டுத் தரையில் கிடந்தால் ஒன்று ஆடு உள்ளே வந்திருக்கவேண்டும், இல்லையென்றால் வெட்டிய ரோமம்.

படி 6: கூட்டமாகச் சேர்த்துப் பாருங்கள்

சாண வண்டு ஒன்று மட்டும் கிடைத்தால் தொழுவம் என்று எழுதிவிடாதீர்கள். அது வயலிலிருந்து பறந்து வந்திருக்கலாம். சாண வண்டு, பழைய வைக்கோலில் வாழும் பூஞ்சை தின்னி, தானிய வண்டு மூன்றும் ஒன்றாகத் திரண்டிருந்தால் தைரியமாகப் பேசலாம். வீட்டுப் பூச்சி, சாணப் பூச்சி, நீர்ப் பூச்சி, வயல் பூச்சி எனக் குழுவாகப் பிரித்து, எந்தக் குழு மிகுதி என்று பட்டியலிடுங்கள். பேன், தெள்ளு இல்லை என்பதற்காக வீடு சுத்தமாக இருந்தது என்று முடிவு கட்டவேண்டாம்; அவற்றின் மெல்லிய ஓடு வண்டின் ஓட்டைவிட எளிதில் அழிந்துவிடும். கால்களும் உணர்கொம்பும் சிதையாமல் ஒட்டியிருக்கும் பளபளப்பான பூச்சி தென்பட்டால், அது நேற்று மண்ணுக்குள் புகுந்ததாக இருக்கலாம். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு எண்ணுங்கள்.