ஆர்.சி. ஹெலிகாப்டரில் பிளேடு பிட்ச்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலெக்டிவ் பிட்ச் (எல்லா பிளேடின் கோணத்தையும் ஒன்றாக மாற்றும்) ஆர்.சி. ஹெலிகாப்டர் ஏறுவதும் இறங்குவதும் சாய்வதும் மெயின் பிளேடின் கோணத்தால்தான், அதாவது பிட்சால்தான். சுற்று வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், மாறுவது கோணம். கோணத்தில் பிசகு இருந்தால் எவ்வளவு நல்ல கைரோ (ஹெலியை நிலையாக வைக்கும் மின்னணுக் கருவி) போட்டாலும் ஹெலி அடங்காது. புதிதாகக் கிட் கோப்பவர்களின் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. கம்பியிலும் ஹார்னிலும் (கம்பியை அசைக்கும் சர்வோவின் கை) இருக்கும் கோணலை, ரிமோட்டில் எண்ணை மாற்றி மறைத்துவிடப் பார்க்கிறார்கள். முதலில் இயந்திரம் நேராக வேண்டும். எண்கள் அதன் பிறகுதான்.

கீழே வரும் அளவுகள் 325 மி.மீ. பிளேடு போட்ட 450 ரகத்துக்கு. மூன்று சர்வோ (கம்பியை அசைக்கும் சிறு மோட்டார்), 120 டிகிரி ஸ்வாஷ்பிளேட் (சர்வோவின் அசைவைப் பிளேடுக்குக் கொண்டுபோகும் சாயும் தட்டு), ஃப்ளைபார் (நிலைப்படுத்தும் குறுக்குத் தண்டு) இல்லாத ஹெட்.

மோட்டாரைத் துண்டிக்காமல் பிட்ச் பார்க்க உட்காராதீர்கள். மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் இரண்டைக் கழற்றிவிட்டால் போதும். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் வரும், ஹெட் சுற்றாது. இந்த ரகத்தில் நிமிடத்துக்கு 2600 சுற்று ஓடினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 350 கி.மீ. அளவுக்குப் போகும். திராட்டில் ஹோல்டு (மோட்டாரை நிறுத்திவைக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறேன் என்ற நம்பிக்கையில் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

ஹார்னை ஏனோதானோவென்று மாட்டுவது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது ஹார்ன், கம்பிக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும். அப்படி நிற்காத சர்வோ மேலே போகும் தூரமும் கீழே வரும் தூரமும் சமமாக இராது. மூன்று சர்வோவில் ஒன்று மட்டும் இப்படி இருந்தால், கலெக்டிவைக் கூட்டும்போது ஸ்வாஷ்பிளேட் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே ஏறும். ஹோவரில் (ஒரே இடத்தில் மிதக்கும்போது) ஒழுங்காக நிற்கிற ஹெலி, பிட்சை ஏற்றியதும் பக்கவாட்டில் ஓடுகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரிமோட்டில் சப்ட்ரிம் (சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் எண்) போட்டுச் சரிக்கட்டாதீர்கள். கைரோ அந்தச் சப்ட்ரிமை ஸ்டிக் அசைவு என்று எடுத்துக்கொள்ளும். 25 பல் உள்ள சர்வோவில் ஒரு பல் நகர்த்தினால் 14.4 டிகிரி மாறும். அது பெரிய தாவல்தான். ஆனால் நான்கு கை ஹார்னாக இருந்தால் ஒவ்வொரு கையும் பல்லில் கால் பங்கு தள்ளி உட்காரும், அதாவது 3.6 டிகிரி வித்தியாசம். நான்கு கையையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்து, 90 டிகிரிக்கு மிக அருகில் வருவதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிடுங்கள். மிச்சம் இருக்கும் சின்னப் பிசகைக் கைரோவின் செட்டப் மெனுவில் திருத்தலாம். ரிமோட்டில் எல்லா டிரிமும் சுழியத்தில், பிட்ச் வளைவு (ஸ்டிக் நிலைக்கு எவ்வளவு பிட்ச் என்ற கோடு) நேர்கோட்டில், ஸ்வாஷ் வகை ஒற்றை சர்வோ என்று இருக்கட்டும். மூன்று சர்வோவையும் கலக்கும் வேலை கைரோவுடையது. ரிமோட்டும் சேர்ந்து கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

திண்ணையில் வைத்து அளப்பது

செட்டிநாட்டு வீடுகளில் வேலை செய்ய இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் திண்ணையிலும் முற்றத்திலும் மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கண்ணுக்குச் சமமாகத் தெரியும். அதை நம்பி அளக்காதீர்கள். டிஜிட்டல் பிட்ச் கேஜ் புவியீர்ப்பை வைத்து அளக்கும் கருவி. தரை அரை டிகிரி சாய்ந்திருந்தால் பிளேடின் கணக்கில் அந்த அரை டிகிரியும் ஏறிவிடும். மேசைமேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்கு அட்டை கொடுத்துச் சரிசெய்த பிறகே ஹெலியை வையுங்கள்.

அளவில் இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு பிளேடை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வால் பக்கமாக நிறுத்தி ஒரு தடவை, மூக்குப் பக்கமாகத் திருப்பி ஒரு தடவை அளந்து பாருங்கள். முன்விளிம்பு தூக்கினால் பிளஸ், தாழ்ந்தால் மைனஸ். ஒரு பக்கம் பிளஸ் 1, மறுபக்கம் மைனஸ் 1 என்று வந்தால் பிளேடின் உண்மையான பிட்ச் சுழியம். அந்த ஒரு டிகிரி மேசையினுடையது, அல்லது ஸ்வாஷ்பிளேட் சாய்ந்திருக்கிறது. இரண்டில் எது என்பதை மெயின் ஷாஃப்டில் மாட்டும் லெவலிங் டூல் சொல்லிவிடும். ஸ்வாஷ் சாய்ந்திருந்தால் கம்பியின் நீளத்தில் திருத்துங்கள். 2 மி.மீ. மரையில் லிங்கை (கம்பி முனையில் உள்ள இணைப்பை) ஒரு முழுச் சுற்று திருகினால் நீளம் 0.4 மி.மீ. மாறும்.

நடு ஸ்டிக்கில் சுழியம் இருக்கிறதா என்று பார்க்க கேஜ்கூட வேண்டாம். பிளேடுகளை வாலுக்குக் குறுக்காக நிறுத்தி, இரண்டையும் வால் பக்கம் மடக்குங்கள். சுழியம் என்றால் இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் நிற்கும். இரண்டு பிளேடும் ஒரு டிகிரி பிளஸில் இருந்தால் ஒரு நுனி மேலேயும் ஒரு நுனி கீழேயும் போய், நடுவில் சுமார் 11 மி.மீ. இடைவெளி தெரியும். மேசை கோணலாக இருந்தாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. ஒரு பிளேடு பிளஸ், மற்றது அதே அளவு மைனஸ் என்றிருந்தால் மட்டும் இதில் சிக்காது. அதற்காக இரண்டு பிளேடையும் கேஜில் தனித்தனியே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சுழியம் வரவில்லையென்றால் ஹெட்டில் உள்ள இரண்டு பிளேடு லிங்கையும் ஒரே அளவு திருகுங்கள். ஸ்வாஷ் அதன் பயணத்தின் நடுவில் நின்றால் கீழே உள்ள சர்வோ கம்பியைத் தொட வேண்டியதில்லை.

பிட்சை அள்ளி வைப்பது

கற்றுக்கொள்கிறவருக்குப் பிளஸ் மைனஸ் 10 டிகிரி தாராளம். 3டி (தலைகீழ், குட்டிக்கரணம் போன்ற சாகசம்) பறப்பவர்கள் 11, 12 வைக்கிறார்கள். ஹோவர் 5 அல்லது 6 டிகிரியில் நடந்துவிடும். இந்த எல்லையைக் கைரோவில் சதவீதமாக வைக்கும்போது எண் மிகவும் சின்னதாக வந்தால் ஹார்னில் துளை அதிகம் வெளியே இருக்கிறது என்று பொருள். உள் துளைக்கு மாற்றினால் சர்வோவின் நுணுக்கம் வீணாகாது. மைக்ரோபீஸ்ட் போன்ற கைரோவில் இதற்குத் தனிப் படியே உண்டு. பிளேடை வாலோடு நீளவாக்கில் நிறுத்தி, ஏலரானில் (பக்கவாட்டுச் சாய்வில்) 6 டிகிரி வைத்தால் விளக்கு நீலமாக வேண்டும். ஆகவில்லையென்றால் ஹார்னில் வேறு துளையைத் தேடுங்கள். 6 டிகிரியைக் குறைத்து நீலத்தை வரவழைக்காதீர்கள்.

முழு கலெக்டிவோடு ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். எங்காவது சர்வோ முனகினால் லிங்கோ ஸ்வாஷோ இடிக்கிறது. அந்த முனகலோடு பறந்தால் சர்வோ கியர் போய்விடும்.

சித்திரை வெயிலில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. மார்கழியில் நன்றாகத் தூக்கிய ஹெலி கோடையில் சோர்ந்த மாதிரி தெரியும். உடனே பிட்சை 13, 14 என்று ஏற்றிவிடுகிறார்கள். ஏற்கெனவே சூட்டில் தவிக்கும் மோட்டாரும் ஈஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அதில் மேலும் காய்ந்து, சுற்று விழுகிறது. சுற்று விழுந்தால் தூக்கும் சக்தி இன்னும் விழும். சுற்று வேகத்தை 4 சதவீதம் போலக் கூட்டினாலே இழந்தது திரும்பிவிடும்: 2500 இருந்தால் 2600. பிட்ச் எல்லையைத் தொடவே வேண்டாம்.

டிராக்கிங்கை ஒரே பிளேடில் தீர்ப்பது

இரண்டு பிளேடும் ஒரே உயரத்தில் சுற்றுவதுதான் டிராக்கிங். இரண்டு பிளேடு நுனியிலும் வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள். சுற்றும் தட்டின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நிறம் மேலே ஓடினால் அந்தப் பிளேடை மட்டும் இறக்கிவிடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். டிராக்கிங் சேர்ந்துவிடும், ஆனால் கஷ்டப்பட்டு வைத்த சுழியம் நகர்ந்துவிடும். பாதியை ஒன்றில் இறக்கி, பாதியை மற்றதில் ஏற்றுங்கள். அதற்கு முன்னால் இரண்டு பிளேடும் எடையில் சமமா என்று பார்த்திருக்க வேண்டும்.

கண்மாய்க் கரையிலும் பொட்டலிலும் பறக்கவிடுவோருக்குச் செம்மண் தூசிதான் எதிரி. பால் லிங்கில் புகுந்து தேய்த்துவிடும். எண்ணெய் போட்டால் தூசி இன்னும் ஒட்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பிளேடை லேசாக முறுக்கும்போது கேஜ் ஒரு டிகிரிக்கு மேல் ஆடினால் லிங்கை மாற்றுங்கள். தேய்ந்த லிங்கில் செய்யும் எந்த அளவும் நிற்காது. ஏறவும் இறங்கவும் ஒரு பிளைவுட் பலகை போட்டுக்கொண்டால் தூசி குறையும்.

கடைசியாக, ரிமோட்டின் நார்மல், ஐடில் அப் (சுற்று குறையாமல் பறக்கும் நிலை), திராட்டில் ஹோல்டு மூன்றிலும் பிட்ச் வளைவைத் திறந்து ஒப்பிடுங்கள். ஹோல்டில் பழைய மாடலின் வளைவு அப்படியே கிடந்தால், அவசரத்துக்கு அந்தச் சுவிட்சைத் தட்டுகிற நொடியில் ஹெலி எகிறும் அல்லது தரையில் குத்தும்.