தொடையின் முன்பகுதியைத் தொட்டே படிக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு படிப்பவர்களும், செவிலியர் பயிற்சியிலோ இயன்முறை மருத்துவத்திலோ இருப்பவர்களும் தொடையின் முன்பகுதியைப் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள். தம் தொடையையே பாடமாகக் கொண்டு எலும்பு, தசை, இரத்தக் குழாய் என்ற வரிசையில் தேடிப் படித்தால் அது எளிதில் மறப்பதில்லை. அரைக்கால் சட்டை அணிந்து, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து தொடங்கலாம்.

முதலில் இடுப்பில் கைவைத்து, எலும்பின் விளிம்பைத் தடவியபடியே விரலை முன்னோக்கி நகர்த்த வேண்டும். விளிம்பு முடியும் இடத்தில் தட்டுப்படும் புடைப்பே இடுப்பெலும்பின் முன்மேல் முனை. அங்கிருந்து அடிவயிற்றின் கீழே பூப்பெலும்பை நோக்கிச் சரிந்து செல்லும் இங்குவினல் பந்தகம் என்ற நார்ப்பட்டைதான் வயிற்றுக்கும் தொடைக்கும் எல்லை. அந்த முனைக்கு அருகே, பந்தகத்துக்கு அடியில், தொடையின் வெளிப்புறத் தோலுக்குரிய நரம்பு நுழைகிறது. பெல்ட்டை மிக இறுக்கிக் கட்டுபவர்களுக்குத் தொடையின் வெளிப்புறம் எரிவதும் மரத்துப்போவதும் இது நசுங்குவதாலேயே.

அடுத்து, ஒரு பாதத்தை மற்ற முழங்காலின் மேல் வைத்து, அந்தக் காலைச் சற்றே உயர்த்துங்கள். முன்மேல் முனையிலிருந்து தொடையின் உட்புறத்தை நோக்கிக் குறுக்காக இறங்கும் கயிறு போன்ற தசை சார்டோரியஸ். உடலிலேயே மிக நீளமானது. நாம் சம்மணமிடும்போது இடுப்பை மடக்கி, தொடையை வெளிப்புறம் திருப்பி, முழங்காலையும் மடக்க இதுவே துணை நிற்கிறது.

இனி முழங்காலை நீட்டி விறைப்பாக்கினால் தொடையின் முன்பக்கப் பெருந்தசையான குவாட்ரிசெப்ஸ் முழுவதும் எழுந்து நிற்கும். தலைகள் எனப்படும் இதன் நான்கு பிரிவுகளில் மூன்றை மட்டுமே கையால் உணர முடியும்: நடுவில் ரெக்டஸ் ஃபெமோரிஸ், வெளிப்புறம் வாஸ்டஸ் லேட்டராலிஸ், உட்புறம் முழங்காற்சில்லுக்குச் சற்று மேலே திரண்டு தெரியும் வாஸ்டஸ் மீடியாலிஸ். நான்காவதான வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் ரெக்டஸுக்கு அடியில் மறைந்திருக்கிறது. நான்கும் முழங்காற்சில்லைப் பற்றி, அதன் கீழுள்ள பந்தகத்தின் வழியே முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பின் முன்புடைப்பை இழுக்கின்றன. ரெக்டஸ் மட்டும் இடுப்பெலும்பில் தொடங்குவதால் இடுப்பையும் மடக்கும். மற்ற மூன்றும் தொடையெலும்பில் தொடங்குபவை. இவற்றின் வேலையை உணர, தீர்த்தமலைப் படிகளில் இறங்கும்போது தொடையின் மேல் கைவைத்துப் பாருங்கள். உடலின் பாரம் சரிந்துவிடாமல் தாங்கிக்கொண்டே தசை நீள்வதால் ஒவ்வொரு படியிலும் அது இறுகுவது தெரியும். மறுநாள் தொடை வலிப்பதற்கு ஏறியதைவிட இறங்கியதே பெருங்காரணம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14 வாரக் குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி போடும் இடமும் இங்கேதான் இருக்கிறது: தொடையின் நடுப்பகுதியில், முன்பக்கமாக வெளிப்புறம், அதாவது வாஸ்டஸ் லேட்டராலிஸில். பச்சிளங்குழந்தைக்கும் அங்கே போதிய தசை உண்டு. பெரிய நரம்போ இரத்தக் குழாயோ அருகில் இல்லை.

கடைசியாகத் தொடை முக்கோணம். மேலே இங்குவினல் பந்தகம், வெளிப்புறம் சார்டோரியஸ், உட்புறம் தொடையை உள்நோக்கி இழுக்கும் தசையான அடக்டர் லாங்கஸ் ஆகியவை இதன் எல்லைகள். மல்லாந்து படுத்து, முன்மேல் முனைக்கும் பூப்பெலும்பு இணைவுக்கும் சரிபாதியில், தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்தினால் தொடைத் தமனியின் துடிப்பு கிடைக்கும். அதன் வெளிப்பக்கம் தொடை நரம்பு, உட்பக்கம் தொடைச் சிரை; எனவே அங்கே சிரையில் இரத்தம் எடுப்பவர்கள் துடிப்பின் உட்பக்கமே ஊசியைச் செலுத்துவார்கள். வேறொருவரிடம் பார்ப்பதானால் முதலில் அனுமதி கேட்டு, துணியால் மறைத்த பிறகே தொட வேண்டும். துடிப்பைத் தொடர்ந்து கீழே போனால், தமனி சார்டோரியஸுக்கு அடியில் சென்றுவிடுவதால் அது மங்கிவிடும். முழங்காலை மடக்கி, பின்குழியில் ஆழமாக அழுத்தினால் மீண்டும் தட்டுப்படும்.