புராஸ்டேட் புற்றுநோய்: எப்போது சிகிச்சை என்பதில் நாம் செய்யும் தவறுகள்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பி. அதிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போ?" கோத்தகிரியிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ கோயம்புத்தூருக்கு இறங்கிப் போன குடும்பம் என்றால் அவசரம் இன்னும் கூடும். மறுபடியும் வண்டி பிடித்து, தோட்ட வேலையை விட்டு இறங்கி வரவேண்டுமே, வந்ததோடு வந்ததாக முடித்துவிட்டே போகலாம் என்று நினைப்பார்கள். இந்த நோயில் பெரும்பாலானவர்களுக்கு யோசிக்க வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. சிலருக்கு மட்டும் ஒரு நாள்கூட இல்லை. நாம் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே தேதி குறிப்பதுதான் முதல் தவறு.

டாக்டரிடம் கேட்க வேண்டியது மூன்று. பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு, எவ்வளவு? பயாப்ஸியில் புற்றுநோய் செல்கள் எவ்வளவு மோசமாகத் தெரிகின்றன என்று சொல்லும் கிளீசன் மதிப்பெண் என்ன? கட்டி புராஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே போய்விட்டதா? பிஎஸ்ஏ 10-க்குக் கீழே, கிளீசன் 6, கட்டி சிறியது, உள்ளேயே இருக்கிறது என்றால் அது குறைந்த ஆபத்து. இவர்களில் பலருக்கு உடனே எதுவும் செய்யாமல் ஒழுங்காகக் கண்காணிப்பதே நல்ல வழி. கிளீசன் 8 முதல் 10 வரை, அல்லது பிஎஸ்ஏ 20-க்கு மேல் என்றால் கதை வேறு. அங்கே மாதங்களைக் கடத்தக் கூடாது.

"கேன்சரை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பிரிட்டனில் புராஸ்டேட்டைத் தாண்டாத நோயுள்ள 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினரைக் கண்காணித்தார்கள், ஒரு பகுதியினருக்கு ஆபரேஷன், இன்னொரு பகுதியினருக்கு ரேடியேஷன். 2023-இல் வந்த 15 ஆண்டு முடிவுப்படி, மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆனால் நோய் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5 சதவீதம் அளவில். அவர்கள் ரத்தப் பரிசோதனையில் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சிறுநீர் அடைத்த பிறகோ, எலும்பு வலி வந்த பிறகோ தெரிய வந்த நோய்க்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

அடுத்த தவறுதான் மலையில் அதிகம் நடக்கக்கூடியது. "இப்போதைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் சொன்னதை "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்வது. கண்காணிப்பு என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பிஎஸ்ஏ, டாக்டர் சொல்லும் இடைவெளியில் எம்ஆர்ஐ, மறு பயாப்ஸி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலை மழையில் இதே பாடு. மே மாத சீசனில் ரோட்டில் வண்டி நகராது. அதனால் கீழே போயே ஆகவேண்டிய எம்ஆர்ஐ, பயாப்ஸியை ஜனவரி, பிப்ரவரியில் வருகிற மாதிரி டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்ஏவுக்கு ரத்தம் மேலேயே கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுப்பது நல்லது.

பிஎஸ்ஏ ஒரு தடவை ஏறிவிட்டது என்று பதறி முடிவெடுப்பதும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று வந்தாலும், சிறுநீர் போக டியூப் போட்டிருந்தாலும் அது ஏறும். சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மாறாக, புராஸ்டேட் வீக்கத்துக்கு டூட்டாஸ்டெரைட், ஃபினாஸ்டெரைட் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்குப் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகத் தெரியும். சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அதிக ஆபத்துள்ளவர்கள் செய்யும் தவறு இதற்கு நேரெதிர். பச்சைத் தேயிலை விலை ஏறட்டும், ஹெத்தை பண்டிகை முடியட்டும், கொஞ்ச நாள் நாட்டு மருந்து பார்ப்போம் என்று தள்ளுவது. குறைந்த ஆபத்துள்ளவர் பண்டிகை முடிந்து போனால் ஒன்றும் கெட்டுவிடாது. இவர்கள் அப்படி இருக்கக் கூடாது. மாத்திரையில் சிறுநீர் நன்றாகப் போகிறது என்பதால் நோய் குறைந்ததாக நம்புவதும், நோயை அடக்கப் போடும் ஹார்மோன் ஊசியில் பிஎஸ்ஏ இறங்கியதும் அடுத்த ஊசிக்குப் போகாமல் விடுவதும் இதே வகைதான்.

அதற்காக மறுநாளே ஆபரேஷன் என்றும் இல்லை. பயாப்ஸி செய்த இடம் ஆறவே ஆறு முதல் எட்டு வாரம் விட்டுத்தான் பொதுவாக ஆபரேஷன் செய்கிறார்கள். அந்த வாரங்களில் ஆபரேஷன் செய்யும் டாக்டரை மட்டுமல்ல, ரேடியேஷன் டாக்டரையும் பாருங்கள். ரேடியேஷன், அதாவது கரண்ட் வைப்பது என்றால் வாரத்துக்கு ஐந்து நாள். நான்கு வாரத்தில் முடிகிற முறையும் உண்டு, ஏழெட்டு வாரம் போகிற முறையும் உண்டு. தினமும் மலை ஏறி இறங்கி இதைச் செய்ய முடியாது, கீழே தங்க இடம் பார்க்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டையில் பெயர், விவரம் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அப்பாவிடம் சொல்லாமலே பிள்ளைகள் கூடி முடிவெடுப்பது. "தெரிந்தால் மனசு விட்டுவிடுவார்" என்பார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசியலாம், தாம்பத்தியம் பாதிக்கப்படலாம். ரேடியேஷனில் மலப்பாதைத் தொந்தரவு வரலாம். இதையெல்லாம் தாங்கப் போகிறவர் அவர். எண்பது வயதில், இதய நோயோடு இருக்கும் ஒருவர் கண்காணிப்பு போதும் என்று நினைக்கலாம். அறுபது வயதுக்காரர் இப்போதே முடித்துவிடலாம் என்று நினைக்கலாம். இரண்டும் சரியான முடிவாக இருக்க வாய்ப்புண்டு. அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, டாக்டர் வாயாலேயே அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்ட கேள்வியைத் தனியாகக் கேட்க அவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கடைசியாக, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாத நிலை. நோய் எலும்புக்குப் பரவியவருக்குப் புதிதாக முதுகு வலி கூடி, கால் மரத்துப்போனாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, முதுகுத்தண்டு நரம்பு நசுங்குகிறது என்று பொருள் இருக்கலாம். தேயிலை மூட்டை தூக்கிய வலி என்று தைலம் தேய்த்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். சில மணி நேரத் தாமதத்தில் கால் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். இரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு, புற்றுநோய் இருப்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லி, ரிப்போர்ட்டுகளோடு கிளம்புங்கள்.