ராகி போடுறவங்க இடைவெளியில பண்ற தப்பு

ஆடிப்பட்டம் வந்துட்டா பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் புதுசா விவசாயத்துக்கு வந்த தம்பிங்க கேக்குறது எல்லாம் எந்த ரகம், எந்த உரம்னுதான். செடிக்குச் செடி எவ்ளோ இடம் விடணும்னு கேக்குறதே இல்ல. அந்தக் காலத்துல நாங்க பண்ணதையேதான் பண்றாங்க. விதை நேர்த்தி, மண் பரிசோதனை எல்லாம் ஊரே சொல்லுது, அதை விட்டுடறேன்.

கலைக்காம விடுறது

இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் வர்றது இதுலதான். ராகி விதை ரொம்பப் பொடிசு, மணல் கலக்காம வீசினா ஒரே எடத்துல கொத்தா விழும். ஏக்கருக்கு 4-லருந்து 6 கிலோ போதும், மழை ஏமாத்திட்டா என்ன பண்றதுன்னு பயந்து 10 கிலோ வரைக்கும் வீசுறாங்க. சரி, வீசியாச்சு, மூணாவது வாரத்துக்குள்ள நெருக்கமா நிக்குறத புடுங்கி கலைச்சு விடணும்ல? மனசு வராது. வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் கணக்குல சதுர மீட்டருக்கு 33 செடிதான் வரும், போன பட்டத்துல ஒரு தம்பி காட்டுல எண்ணிப் பாத்தா மூணு மடங்கு நிக்குது. "பச்சுனு நிக்குறதப் போய் புடுங்கச் சொல்றீங்களேண்ணா"ன்னான். நம்ம செம்மண் காட்டுல ஈரம் நிக்கிறதே கொஞ்சம், அதை அத்தனை செடியும் பங்கு போட்டா தூர், அதான் அடியிலருந்து வர்ற பக்கக் கிளை, எப்படி வெடிக்கும், தண்டு மெலிஞ்சு, கதிர் சிறுத்து, காத்தோட்டம் இல்லாம குலை நோயும் வந்து, கடைசியில ஒரு காத்து மழைக்கு மொத்தமா சாஞ்சு போச்சு. மாட்டுக்குத் தட்டு கெடைச்சுது, அவ்ளோதான். உழவு கூலி, களை கூலி எல்லாம் கைய விட்டுப் போச்சு. இனிமேலாவது ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குச்சி நட்டு எண்ணிப் பாருங்க, நாலஞ்சு எடத்துல எண்ணுங்க. மண்ணு ஈரமா இருக்கறப்ப புடுங்குங்க, பக்கத்துச் செடி வேர் ஆடாது, புடுங்கினத சந்து விழுந்த எடத்துல நட்டுக்கலாம்.

எல்லா ரகத்துக்கும் ஒரே இடைவெளி

குறுகிய நாள் ரகம் தூர் கம்மியா வெடிக்கும், அதுக்கு வரிசைக்கு வரிசை 22.5 சென்டிமீட்டர் போதும். நீண்ட நாள் ரகம்னா 30.

முத்தின நாத்து

வீசாம நாத்து விட்டு நடுறவங்க, 18-லருந்து 20 நாள் நாத்தாவே நட்டுடுங்க, ஒரு குத்துக்கு ரெண்டு நாத்து.

கோணல் வரிசை

வரிசை கோணலா இருந்தா களை எடுக்குற வீடர் ஓடாது. கயிறு புடிச்சு நடுங்க.

ஊடுபயிரை இஷ்டத்துக்குத் தூவுறது

அவரையும் துவரையும் ராகிக்குள்ள கலந்து வீசாதீங்க, அதுங்க ராகி மேல நிழல் கட்டிடும். துவரைன்னா எட்டு வரிசை ராகிக்கு ரெண்டு வரிசைன்னு தனியா விடுங்க, ராகி அறுத்த பிறகு வர்ற மழை ஈரத்துல துவரை தெளிஞ்சு காய்க்கும்.