மறதியா? முதலில் காதைப் பாருங்கள்

வீட்டுப் பெரியவர் சொன்னதையெல்லாம் மறக்கிறார் என்றால், ஸ்கேன் எடுக்கப் புளியரை தாண்டித் திருவனந்தபுரத்துக்குக் கார் பிடிக்கும் முன், தென்காசியிலேயே காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வீட்டிலும் சோதிக்கலாம். பின்னால் நின்று "ஏத்தங்காய், சீரகம், தீப்பெட்டி" என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கேளுங்கள். அப்புறம் முகம் பார்த்து வேறு மூன்று சாமான் சொல்லுங்கள். இரண்டாவதாகச் சொன்ன மூன்றும் மட்டும் நினைவிருந்தால் சந்தேகம் காது மேல்தான். சரியாக விழாத சொல் மூளையில் பதியாது. அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம். முதுமை மறதி நோய்க்கு 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்ன 14 தவிர்க்கத்தக்க காரணங்களில் காது மந்தமும் ஒன்று. நம் ஊரில் கண்ணாடிக்குக் கூச்சமில்லை, காது மிஷின் என்றால்தான் "நான் என்ன கிழவனா?" என்று கோபம்.

காது நன்றாகக் கேட்டும் பழகிய தெருவில் வழி தப்பினால், காசு எண்ணத் தடுமாறினால் நரம்பு டாக்டரிடம்தான் போக வேண்டும். திடீர்க் குழப்பம், வாய் கோணல், கை கால் தளர்ச்சி என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே 108.