எட்வர்ட் பிரபுவின் கதையில் இடறும் இடங்கள்

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 அயர்லாந்துக் கிளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள், அதன் தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டைத் தொடாமல் போவதில்லை. தொட்டதுமே பெயரில் இடறிவிடுகிறார்கள். ‘ஃபிட்ஸ்ஜெரால்டு பிரபு’ என்று எழுதுவது தவறு, ‘எட்வர்ட் பிரபு’ என்பதுதான் முறை. அப்பா லீன்ஸ்டர் டியூக். 1773இல் அவர் இறந்ததும் பட்டம் அண்ணன் வில்லியமுக்குப் போய்விட்டது. இளைய மகன்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு ‘லார்ட்’ ஒட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் டப்ளின் நாடாளுமன்றத்தில் அவர் உட்கார்ந்தது பிரபுக்கள் அவையில் அல்ல, மக்கள் அவையில். அந்த ஒட்டுப் பட்டமும் வேண்டாம் என்று 1792இல் பாரிஸ் விருந்தொன்றில் துறந்தார். விளைவு, பிரிட்டிஷ் ராணுவப் பதவி பறிபோனது.

அதே கிளர்ச்சியில் வெக்ஸ்ஃபோர்டு களத்தில் நின்ற இன்னொரு எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் உண்டு. உமர் கய்யாமை மொழிபெயர்த்தவரோ 1809இல் பிறந்தவர். மூவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மனைவி பமீலா விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. பிரெஞ்சு அரச குடும்பத்து ஆர்லியன்ஸ் டியூக்குக்கும், அவர் பிள்ளைகளின் ஆசிரியையான எழுத்தாளர் மதாம் தெ ஜான்லிக்கும் ரகசியமாகப் பிறந்தவர் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். அது அந்தக் காலத்து ஊர்ப்பேச்சு. 1792 டிசம்பரில் தூர்னே நகரில் கல்யாணம் நடந்தபோது எழுதிய ஒப்பந்தத்தில் வேறு பெற்றோரின் பெயர்கள்தான் இருக்கின்றன. ஜான்லி வளர்த்த பெண் என்று எழுதினால் போதும்.

டோனி ஸ்மாலை ‘எட்வர்டின் அடிமை’ என்று எழுதுவது இன்னும் மோசம். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1781இல் யூட்டா ஸ்பிரிங்ஸ் சண்டையில் காயம்பட்டுக் கிடந்த எட்வர்டைக் காப்பாற்றியவர் அவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, எட்வர்டிடம் வேலைக்கு இருந்தவர்.

அதிகம் பேர் விழுவது மரணத்தில்தான். ‘போர்க்களத்தில் வீழ்ந்தார்’, ‘தூக்கிலிட்டார்கள்’ இரண்டுமே பிழை. கிளர்ச்சி வெடித்தது மே 23 இரவு. அவரோ மே 19 அன்றே மாட்டிக்கொண்டார். டப்ளின் தாமஸ் தெருவில், இறகு வியாபாரி ஒருவரின் வீட்டு மாடியில் காய்ச்சலோடு படுத்திருந்தவர், பிடிக்க வந்தவர்கள்மீது குத்துவாளோடு பாய்ந்தார். கேப்டன் ரயனுக்கு விழுந்த குத்து உயிரையே குடித்தது. மேஜர் சர் (Sirr, இது பட்டமல்ல, குடும்பப் பெயர்) சுட்ட குண்டு எட்வர்டின் தோளில் பாய்ந்தது. அந்தக் காயத்தோடு நியூகேட் சிறையில் கிடந்தார். இறப்பதற்கு முந்தின இரவு அத்தனை கெடுபிடியையும் தாண்டி வந்து பார்த்தவர்கள், சித்தி லூயிசா கானலியும் அண்ணன் ஹென்றியும். ஜூன் 4 விடியற்காலையில் உயிர் பிரிந்தது.

வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. அப்புறம், செத்தவர்மீது நாடாளுமன்றமே சட்டம் போட்டு சொத்தைப் பறித்தது. அந்தச் சட்டம் ரத்தாக 1819 ஆயிற்று.

கடைசியாக, அவர் கத்தோலிக்கர் அல்ல, புராட்டஸ்டன்ட். டப்ளின் புனித வெர்பர்க் தேவாலயத்தின் நிலவறையில்தான் அடக்கம். சுட்ட மேஜர் சரின் கல்லறையும் அதே தேவாலய வளாகத்தில்தான் இருக்கிறது.