வியாழனின் காற்றை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு என்னைப் பார்க்க வந்த ஒரு மாணவி, சிலியிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கியின் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்த தரவை மடிக்கணினியில் விரித்து, வினாடிக்கு 60 மீட்டர் காற்று கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டி மகிழ்ந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரே விளிம்பை நம்புவது

1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 வால்மீன் வியாழனில் மோதியபோது உருவான ஹைட்ரஜன் சயனைடு, மேகங்களுக்கு வெகு மேலே அதன் ஸ்ட்ராடோஸ்பியரில் இன்றும் உலவுகிறது. அது 354.5 கிகாஹெர்ட்ஸில் வெளியிடும் நிறமாலைக் கோடு, வாயு நம்மை நோக்கி வந்தாலும் விலகினாலும் இடம் நகரும்; ஆனால் வினாடிக்கு 100 மீட்டர் காற்று அதை 118 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே நகர்த்தும். கோளோ பத்து மணி நேரத்திற்குள் தன்னைச் சுற்றிவிடுவதால், நடுக்கோட்டு விளிம்பு வினாடிக்குச் சுமார் 12.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்தப் பெருவேகத்தைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் காற்று. கோளின் வட்டு 44 வில்விநாடி (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) அகலமாகத் தெரியும் நாளில், அதன் மையத்தை 0.1 வில்விநாடி தள்ளிக் குறித்தாலே கழிக்கும் வேகத்தில் 57 மீட்டர் பிழை புகுந்துவிடும்.

“மேற்கு விளிம்பையும் பார்த்தாயா அம்மா?” என்றேன். “இல்லை சார், கிழக்கு மட்டும்தான்” என்றார். மாங்கனிக் கண்காட்சியில் சுற்றும் குதிரை ராட்டினத்தில் ஒரு பக்கக் குதிரை நம்மை நோக்கி வரும்போது மறுபக்கக் குதிரை விலகிப் போவதைப் போல, கோளைச் சுற்றி வீசும் காற்று இரு விளிம்புகளிலும் எதிரெதிர்க் குறிகளைத் தரும். மையப் பிழையோ இரு பக்கமும் ஒரே குறியைத் தரும். மேற்கு விளிம்பை வரைந்தோம், அங்கும் அதே குறிதான் வந்தது. இந்த ஒரு வரைபடத்தைப் போடாமல் நான் மூன்று மாதங்களை இழந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. 2021இல் வெளியான அல்மா ஆய்வு துருவங்களை ஒட்டி 400 மீட்டர் வரை கண்டது உண்மைதான்; அதை நினைத்துக்கொண்டே தரவைத் திறப்பவர்களுக்கு 60 மீட்டர் எளிதில் நம்பத்தக்கதாகத் தோன்றிவிடுகிறது.

கற்றையின் அகலத்தை மறப்பது

விளிம்பில் கற்றையின், அதாவது தொலைநோக்கி ஒரே நேரத்தில் பார்க்கும் வானத்துண்டின், ஒரு பகுதி வெறும் வானத்தைப் பார்ப்பதால், கிடைக்கும் வேகம் கற்றை மையத்திற்கு உரியதன்று. இந்தப் பிழை இரு பக்கமும் எதிரெதிர்க் குறியோடு வந்து காற்றைப் போலவே நடிப்பதால், மேற்சொன்ன சோதனையில் சிக்காது. கற்றையையும் சேர்த்து மாதிரி கணித்தே நீக்க வேண்டும்.

பூமியின் வேகத்தைத் தோராயமாகக் கழிப்பது

கூடவே கூடாது; பூமியின் ஓட்டமும் அதே கோட்டை நகர்த்துகிறது.

வெள்ளிக் கோளின் சுழற்சிக்கும் இதே அச்சம் கொள்வது

தேவையில்லை, அதன் திட உடல் வினாடிக்கு 1.8 மீட்டர்தான் சுழல்கிறது.